மரக்கன்றுக்கு யார் தண்ணீர் ஊற்றுவது?

ஜூன் 5 வந்துவிட்டால் போதும். மதுரை - திருச்சி நான்குவழிச் சாலையில் மேலூரைத் தாண்டி, கொட்டாம்பட்டிப் பக்கம் ஏதாவது ஒரு கிராமத்துப் பள்ளிக்கூட வாசலில் ஒரு கல்லூரிப் பேருந்து வந்து நிற்கும். ஒரே நிறத்தில் டி-சர்ட் போட்ட அறுபது பேர் இறங்குவார்கள். டி-சர்ட்டின் நெஞ்சில் ஒரு பச்சை இலை, முதுகில் ஸ்பான்சர் பெயர். இரண்டு வேப்பமரங்களுக்கு நடுவில் பிளெக்ஸ் பேனர். 'இயற்கையைக் காப்போம்' என்று எழுதிய அந்த பேனரைக் கட்டுவதற்காகவே வேப்பமரத்தில் ஆணி அடித்திருப்பார்கள்.

பிள்ளைகள் ஒன்பது மணியிலிருந்து தரையில் உட்கார்ந்திருக்கும். சிறப்பு விருந்தினர் பதினொன்றுக்கு வருவார். மரம் இல்லையேல் மழை இல்லை, மழை இல்லையேல் மனிதன் இல்லை என்று பேசுவார். ஓவியப் போட்டியில் முதல் பரிசு பெற்ற பிள்ளைக்கு ஒரு டிபன் பாக்ஸ். அப்புறம்தான் முக்கியமான கட்டம். ஒரே ஒரு புங்கன் கன்று, அதைப் பிடிக்கப் பன்னிரண்டு கைகள், எதிரே நான்கு கேமரா. படம் எடுத்தாகிவிட்டது. பார்சல் பிரியாணி, ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில். ஒன்றரை மணிக்குப் பேருந்து கிளம்பிவிடும்.

ஆடி பிறப்பதற்குள் கன்றை ஆடு தின்றிருக்கும். ஆடு தின்னாததை வெயில் தின்றிருக்கும். பாட்டில் மட்டும் கண்மாய்க் கரையில் பத்திரமாக இருக்கும்.

இதற்குப் பெயர் 'கிராமப்புற இயற்கைக் கல்வி முகாம்'. ஒரு நாள் முகாமும் உண்டு, ஏழு நாள் முகாமும் உண்டு. வந்தவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. பாதிப் பேர் உண்மையிலேயே நல்லெண்ணத்தோடு வருகிறார்கள், மீதிப் பேர் வருகைப் பதிவுக்கு வருகிறார்கள், அவ்வளவுதான். ஆனால் நல்லெண்ணத்தில் நடக்கிறது என்பதற்காக ஒரு தப்பான காரியம் சரியாகிவிடாது. இது தப்பு என்று சொல்ல மூன்று காரணங்கள் இருக்கின்றன. ஒன்று, காலண்டர் தப்பு. இரண்டு, கணக்கு தப்பு. மூன்றாவதுதான் பெரியது: யார் யாருக்குப் பாடம் எடுப்பது என்பதே தலைகீழாக இருக்கிறது.

முதலில் காலண்டர்.

1972 ஜூன் 5 அன்று சுவீடன் நாட்டு ஸ்டாக்ஹோமில் ஐ.நா.வின் சுற்றுச்சூழல் மாநாடு தொடங்கியது. அதன் நினைவாக அதே ஆண்டு ஐ.நா. பொதுச்சபை ஜூன் 5ஐ உலகச் சுற்றுச்சூழல் நாளாக அறிவித்தது. இந்திய அரசின் வன மகோத்சவம் ஜூலை முதல் வாரம். 1950இல் அப்போதைய மத்திய உணவு, வேளாண்மை அமைச்சர் கே.எம். முன்ஷி தொடங்கி வைத்தது. வடக்கேயும் மேற்குக் கரையிலும் தென்மேற்குப் பருவமழை கொட்டும் மாதம் அது. அங்கே கன்று நட்டால் பிழைக்கும்.

மதுரைச் சமவெளியின் கதை வேறு. இங்கே ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி, ஐப்பசி கார்த்திகையை ஒட்டி வடகிழக்குப் பருவமழையாக வருகிறது. ஜூன் என்பது அக்னி நட்சத்திரம் முடிந்த கையோடு வறண்ட காற்று மண்ணை அள்ளி எறியும் மாதம். கண்மாய் காய்ந்து வெடித்துக் கிடக்கும். கிணற்றில் மோட்டார் அரை மணி நேரம்கூட ஓடாது. 'இந்த மாசத்துல யாருப்பா கன்னு ஊன்றது?' என்று ஊரில் எந்தக் கிழவியைக் கேட்டாலும் சொல்லியிருப்பார். கேட்கத்தான் ஆள் இல்லை. ஸ்டாக்ஹோமில் கூட்டம் நடந்த தேதிக்குக் கொட்டாம்பட்டியில் குழி வெட்டுகிறார்கள்!

தேதி மட்டும் தப்பில்லை, இடமும் தப்பு. முகாம்காரர்களுக்குப் பிடித்த இடம் 'தரிசு'. வருவாய்த்துறை ஆவணத்தில் தரிசு, புறம்போக்கு என்று எழுதியிருக்கும் பாறைச் சரிவும் முட்புதரும்தான். அங்கே போய்ப் பார்த்தால் ஆவாரை, காரை, சூரை, உசிலை என்று ஒரு கூட்டமே நிற்கும். ஆள்காட்டிக் குருவி வெறுந்தரையில்தான் முட்டையிடும். கௌதாரி, வானம்பாடி, பக்கி, முயல், உடும்பு எல்லாம் அந்தப் புதரை நம்பித்தான் இருக்கின்றன. அதை ஜேசிபி வைத்துச் சுத்தம் செய்து, வரிசையாகக் குழி தோண்டி, நூறு கன்று நட்டுவிட்டு 'பசுமையாக்கிவிட்டோம்' என்று சொல்வது, ஒருவர் குடியிருக்கும் வீட்டை இடித்துவிட்டு அங்கே பூங்கா அமைத்ததற்குப் பாராட்டு விழா கேட்பது மாதிரி.

அடுத்தது கணக்கு.

இந்த நிகழ்ச்சிகளில் பலவற்றுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்பது ரகசியமில்லை. 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 135ஆம் பிரிவு, 500 கோடி ரூபாய் நிகர மதிப்பு அல்லது 1000 கோடி ரூபாய் விற்றுமுதல் அல்லது 5 கோடி ரூபாய் நிகர லாபம் உள்ள கம்பெனிகள் எல்லாம், முந்தைய மூன்று ஆண்டு சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்காகச் செலவிட வேண்டும் என்கிறது. அதற்கான ஏழாவது அட்டவணையில் சுற்றுச்சூழல் பாதுகாப்பும் உண்டு. நல்ல சட்டம்தான். ஆனால் சட்டம் அளப்பது செலவை. கன்று உயிரோடு இருக்கிறதா என்பது ஆண்டறிக்கையில் வராது. செலவழித்த பலன் என்ன என்று வெளியாளை வைத்துக் கட்டாயமாக மதிப்பிட வேண்டும் என்று 2021இல் விதி வந்தது. அதுவும் சராசரியாக ஆண்டுக்கு 10 கோடியும் அதற்கு மேலும் செலவிடக் கடமைப்பட்ட கம்பெனிகளுக்கு, அவற்றிலும் 1 கோடியும் அதற்கு மேலும் போட்ட திட்டங்களுக்கு மட்டும். பேருந்து வாடகை, டி-சர்ட், பிரியாணி, புங்கன் கன்று எல்லாம் சேர்த்தாலும் ஒரு கோடி வராது. ஆக, யாரும் திரும்பி வந்து பார்க்கப் போவதில்லை.

பிளஸ் ஒன்னில் கணக்குப்பதிவியல் படித்த பிள்ளைக்குக்கூடத் தெரியும், இறுதிச் சரக்கிருப்பை எண்ணாமல் கணக்கை முடிக்க முடியாது. ஒரு பெட்டிக்கடைக்காரர் செய்யும் வேலை அது. இங்கே 'நட்ட கன்றுகள் 10,000' என்று கொள்முதலை மட்டும் எழுதிவிட்டு ஏட்டை மூடிவிடுகிறார்கள். அடுத்த ஆண்டு அதே குழியில் அடுத்த கன்று. அதுவும் கணக்கில் புதிய கன்று!

இப்போது மூன்றாவது.

முகாமுக்கு வருபவர்கள் எல்லோரும் ஒரு நினைப்போடுதான் வருகிறார்கள்: கிராமத்தாருக்கு இயற்கையைப் பற்றி விழிப்புணர்வு இல்லை, நாம் போய் ஊட்ட வேண்டும். கொட்டாம்பட்டி, மேலூர், சிங்கம்புணரி, நத்தம் வட்டாரத்தில் நின்றுகொண்டு இதைச் சொல்ல நிஜமாகவே தைரியம் வேண்டும்.

இந்த வட்டாரத்தின் மீன்பிடித் திருவிழாவைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அறுவடை முடிந்து, கோடையில் கண்மாய்த் தண்ணீர் முழங்கால் அளவுக்கு வற்றும்போது ஊர்க்கூட்டத்தில் நாள் குறிப்பார்கள். முன்பு தண்டோரா, இப்போது வாட்ஸ்அப். விடியும் முன்பே சிவகங்கை, திண்டுக்கல், புதுக்கோட்டை, திருச்சி மாவட்டங்களிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து கரையில் நிற்பார்கள். சாமி கும்பிட்டு, பெரியவர் ஒருவர் வெள்ளைத் துண்டை வீசுவார். அதுவரை யாரும் தண்ணீரில் கால் வைக்கக் கூடாது. துண்டு அசைந்த அடுத்த நொடி ஊத்தா, கச்சா, பரி, வலை என்று ஆயிரம் பேர் உள்ளே இறங்குவார்கள். விரால், கெளுத்தி, கெண்டை, கட்லா... கிடைத்தது கிடைத்தவருக்கு. பிடித்த மீனை விற்பதில்லை, வீட்டுக்குக் கொண்டுபோய்க் குழம்பு வைப்பதுதான் வழக்கம். அன்று சாயங்காலம் பத்து ஊருக்கு மீன்குழம்பு மணக்கும்.

கூத்து, கும்மாளம், சேறு. அவ்வளவுதானா? கொஞ்சம் நிதானமாக யோசித்தால் அதற்குள் என்னென்ன விதி இருக்கிறது என்று தெரியும். பாசனம் முடிகிற வரை மீன் பிடிக்கக் கூடாது, பயிருக்குத்தான் முதல் உரிமை. ஊத்தா என்பது இரண்டு பக்கமும் திறந்த ஒரு கூடை. அதைத் தண்ணீரில் அமுக்கி, மேல்வாய் வழியாகக் கைவிட்டு ஒவ்வொரு மீனாகத்தான் எடுக்க முடியும். மீன்பாசிக் குத்தகைக்கு விட்டால் காசு வரும் என்று தெரிந்தும், ஊருக்குப் பொதுவாக விட்டுவைப்பது ஒரு முடிவு. எப்போது, எதை வைத்து, யார், எவ்வளவு என்ற நான்கு கேள்விக்கும் பதில் இருக்கிறது. பொதுச் சொத்தை எப்படிப் பராமரிப்பது என்று உலகத்துப் பல்கலைக்கழகங்கள் எல்லாம் ஆராய்கின்றன. எலினார் ஆஸ்ட்ராம் இதை ஆராய்ந்ததற்காகத்தான் 2009இல் பொருளாதார நோபல் வாங்கினார். இங்கே அது ஒரு வெள்ளைத் துண்டில் இருக்கிறது.

மேலூரிலிருந்து திருப்பத்தூர் போகும் சாலையில் கொஞ்ச தூரம் போனால் சிவகங்கை மாவட்டத்து வேட்டங்குடி. 1977இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. மொத்தமே 38.4 ஹெக்டேர்தான், மூன்று கண்மாய்கள். மழைக்காலத்தில் கூடுகட்ட வரும் கொக்கும் நாரையும் மிரண்டுவிடக் கூடாது என்று கொள்ளுக்குடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டி மக்கள் பல பத்தாண்டுகளாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. தீபாவளிக்குப் பட்டாசு கேட்டு அழும் பிள்ளையிடம் 'வேணாம்டா, குஞ்சு பயப்படும்' என்று ஒரு தாய் சொல்கிறாள், பிள்ளை ஒத்துக்கொள்கிறது. இதைவிட நல்ல இயற்கைக் கல்வி எந்த முகாமில் நடக்கிறது?

நத்தம் பக்கம் போனால் அழகர்மலை அடிவாரத்தில் காசம்பட்டி. வீரகோவில் என்று மக்கள் கும்பிடும் சின்னக் கோயில்காடு, 4.97 ஹெக்டேர். சுற்றி எல்லாம் மாந்தோப்பாக மாறிய பிறகும் அது மட்டும் காடாகவே நிற்கிறது. 2025 மார்ச்சில் தமிழக அரசு அதைப் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. அரசு அறிவித்ததால் காடு பிழைக்கவில்லை. ஊர் காப்பாற்றி வைத்திருந்ததால்தான் அறிவிக்க ஒரு காடு இருந்தது.

அப்படியானால் வெளியாட்களே வேண்டாம், ஊர்க்காரர்களே எல்லாம் பார்த்துக்கொள்வார்கள் என்று சொல்லிவிடலாமா?

அதுவும் பொய். கிராமம் என்றாலே சொர்க்கம் என்று எழுதுவது நகரத்து ஆட்களின் இன்னொரு வியாதி. இதே மேலூர் வட்டாரத்தில்தான் கிரானைட் கொள்ளை நடந்தது. 2012இல் மாவட்ட ஆட்சியராக இருந்த உ. சகாயம் அரசுக்கு எழுதிய அறிக்கையில் 16,000 கோடி ரூபாய்க்கு மேல் இழப்பு என்று சொன்னார். 2014இல் உயர் நீதிமன்றம் அவரையே விசாரணை ஆணையராக நியமித்தது, 2015இல் அவர் அறிக்கை கொடுத்தார். குன்றுகள் மட்டுமா போயின? கண்மாய்களும் வரத்துக் கால்வாய்களும் கிரானைட் கழிவுக்கு அடியில் புதைந்தன. அதைப் பார்த்துக் கொதித்தவர்களும் ஊரில் இருந்தார்கள், வாய் திறக்காதவர்களும் இருந்தார்கள், லாபம் பார்த்தவர்களும் இருந்தார்கள்.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. 'ஊர் முடிவு' என்றால் எந்த ஊர்? 1997இல் மேலவளவில் தலித் ஊராட்சித் தலைவர் முருகேசனும் அவரோடு ஐந்து பேரும் கொல்லப்பட்டது இதே மேலூர் வட்டத்தில்தான். ஒரு தலித் பதவியில் உட்காரக் கூடாது என்பதும் அன்றைக்குச் சிலருக்கு 'ஊர் முடிவு'தான். அதனால் மரத்தடிக் கூட்டத்தைப் பார்த்ததும் கண் கலங்கிவிட வேண்டாம். காலனிப் பிள்ளைக்கும் அதே கண்மாயில் அதே நேரத்தில் இறங்கும் உரிமை இருந்தால்தான் அது பொதுச் சொத்து. பெண்களும் சேரி மக்களும் சட்டப்படி கையெழுத்துப் போட்டுப் பேசக்கூடிய கிராம சபைதான் முடிவெடுக்கும் இடமாக இருக்க வேண்டும்.

ஆக, வெளியாள் வேண்டும். எப்படிப்பட்ட வெளியாள் என்பதுதான் கேள்வி. அதற்கு மதுரையிலேயே பதில் இருக்கிறது.

2010இல் எழுத்தாளர் அ. முத்துகிருஷ்ணனும் நண்பர்களும் பசுமை நடையைத் தொடங்கினார்கள். யானைமலையை வெட்டிச் சிற்ப நகரம் அமைக்கும் பேச்சு வந்த காலம் அது. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மதுரையைச் சுற்றியுள்ள ஏதாவது ஒரு குன்றுக்கு நடை. கட்டணம் இல்லை. சமணப் படுகைக்குப் பக்கத்தில் உட்கார வைத்து, தொல்லியல் அறிஞர் சாந்தலிங்கம் கல்வெட்டை வாசித்துச் சொல்வார். வக்கீலும் வருவார், ஆட்டோ ஓட்டுநரும் வருவார், குழந்தைகளும் வரும். கீழவளவு, கருங்காலக்குடி, அரிட்டாபட்டி என்று பெயர்ப்பலகையில் மட்டும் பார்த்த ஊர்களின் பாறை இடுக்கில் ஈராயிரம் ஆண்டுக்கு முந்தைய தமிழி எழுத்து இருக்கிறது என்பது மதுரைக்காரர்கள் பலருக்கு அப்படித்தான் தெரிந்தது. ஒரு நாளோடு முடியவில்லை என்பதுதான் இதில் விஷயம். ஆண்டுக்கணக்கில், திரும்பத் திரும்பப் போனார்கள். போன ஊரில் பழக்கம் உண்டானது. மலைக்கு ஆபத்து வந்தபோது ஓடிவர நகரத்தில் ஆள் இருந்தது.

இதன் பலன் என்ன என்பதை அரிட்டாபட்டியில் பார்க்கலாம்.

மேலூருக்கு மேற்கே, ஏழு குன்றுகளுக்கு நடுவில் கிடக்கும் ஊர். அந்தக் குன்றுகளில் விழும் மழைதான் 72 ஏரி குளங்களுக்கும் 200 சுனைகளுக்கும் போகிறது. குடைவரைச் சிவன் கோயில், சமணர் படுகைகள், தமிழிக் கல்வெட்டுகள், பாண்டியர் காலத்து ஆனைகொண்டான் கண்மாய். தேவாங்கும் அலங்கும் மலைப்பாம்பும் உண்டு. சுமார் 250 வகைப் பறவைகள், அவற்றில் லகர் வல்லூறு, ஷாஹின் வல்லூறு, பொனெல்லி கழுகு என்ற மூன்று வேட்டைப் பறவைகள். இங்கும் கிரானைட் குவாரி வந்தது. ஊர் எதிர்த்து நின்று மலையைக் காப்பாற்றியது. அதன் பிறகும் சும்மா இருக்கவில்லை. உள்ளூர் ஆட்களே பறவைகளைப் படம் எடுத்தார்கள், பெயர் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள், வருபவர்களை மலைக்குக் கூட்டிப் போனார்கள். 2022 நவம்பரில் அரிட்டாபட்டியும் மீனாட்சிபுரமும் சேர்ந்த 193.21 ஹெக்டேர், தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலம் ஆனது.

சரியாக இரண்டே ஆண்டு. 2024 நவம்பர் 7 அன்று மத்திய சுரங்க அமைச்சகம் ஏல முடிவை அறிவித்தது. நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதி, 2015.51 ஹெக்டேர், இந்துஸ்தான் ஜிங்க் நிறுவனத்துக்கு. அந்த எல்லைக்குள்ளேயே இந்தப் பாரம்பரியத் தலமும் இருந்தது.

சட்டப் புத்தகத்தில் ஒரு தலத்தின் பெயர் ஏறிவிட்டால் அது பத்திரம் என்று நினைப்பவர்கள் இந்தத் தேதிகளை எழுதி வைத்துக்கொள்ளலாம். அரசிதழ் காப்பாற்றவில்லை. யார் காப்பாற்றியது? அதே மாதம் கிராம சபைகளில் தீர்மானம் போட்டார்கள். டிசம்பர் 9 அன்று சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. டிசம்பர் 24 அன்று மத்திய அரசு ஒரு சமாதானம் சொன்னது: பாரம்பரியத் தலத்தை மட்டும் விட்டுவிட்டு எல்லையை மாற்றி வரையலாமா என்று இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை பார்க்கட்டும்.

முகாமில் படித்த இயற்கைக் கல்வியாக இருந்திருந்தால் இந்த இடத்தில் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். 'காப்பாற்றப்பட்ட பகுதி' தப்பித்துவிட்டதே! ஆனால் மேலூர்க்காரர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. காரணம், அவர்களுக்கு அந்த நிலம் எப்படி வேலை செய்கிறது என்று தெரியும். வல்லூறு கூடு வைப்பது மலை முகட்டில், இரை தேடுவது கீழே வயலிலும் பொட்டலிலும் கண்மாய்க் கரையிலும். குன்றில் பெய்யும் மழை எல்லைக் கல்லைப் பார்த்து நிற்பதில்லை. பத்தில் ஒரு பங்கை வேலி போட்டுக் காப்பாற்றிவிட்டு மிச்சத்தைத் தோண்டினால் அந்தப் பத்தில் ஒரு பங்கும் செத்துப்போகும். 2025 ஜனவரி 7 அன்று நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரை தல்லாகுளம் நோக்கி ஆயிரக்கணக்கானோர் நடந்தும் வண்டிகளிலும் போனார்கள். ஜனவரி 23 அன்று ஏலம் முழுவதுமாக ரத்து செய்யப்பட்டது.

இதெல்லாம் அரசியல், இயற்கைக் கல்வி இல்லை என்று சிலர் சொல்வார்கள். தன் ஊரில் எத்தனை சுனை இருக்கிறது, எந்தக் கால்வாய் எந்தக் கண்மாய்க்குப் போகிறது, மலையில் எந்தப் பறவை கூடு வைத்திருக்கிறது என்று தெரிந்த ஒருவர் அதற்கு ஆபத்து வரும்போது சும்மா இருக்க மாட்டார். அப்படிச் சும்மா இருக்க முடியாமல் செய்வதுதான் கல்வி. ஓவியப் போட்டியில் பச்சைக் கிரேயானால் மரம் வரைந்த பிள்ளைக்கு அந்த மரத்தின் பெயர் தெரியாவிட்டால் அதற்கு ஒரு டிபன் பாக்ஸ் லாபம், அவ்வளவே.

சரி, திட்டியது போதும். என்ன செய்யலாம்?

ஒன்று, தேதியை மாற்றுங்கள். கன்று நட வேண்டுமா, புரட்டாசி ஐப்பசியில் முதல் மழை இறங்கியதும் வாருங்கள். என்ன கன்று, எந்த இடம் என்று ஊர்க்காரர்களிடம் கேளுங்கள். முட்புதரைத் தொடாதீர்கள். தண்ணீர் ஊற்ற ஆள் யார் என்று முடிவாகாமல் குழி வெட்டாதீர்கள். அந்த ஆள் ஊரில் இருப்பவராகவும், செய்யும் வேலைக்குச் சம்பளம் வாங்குபவராகவும் இருக்கட்டும். டி-சர்ட் காசு போதும்.

இரண்டு, எண்ணுங்கள். 2015இல் தொடங்கிய பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு இதற்கு நல்ல உதாரணம். பொங்கலை ஒட்டிய நான்கு நாட்களில், வீட்டு வாசலிலோ வயலிலோ கண்மாய்க் கரையிலோ கால் மணி நேரம் நின்று பார்த்த பறவைகளை எண்ணி இபேர்ட் தளத்தில் ஏற்றினால் போதும். நம் ஊர் காலண்டர், கண்மாயில் தண்ணீர் இருக்கும் காலம், வலசைப் பறவைகள் வந்திருக்கும் நேரம். செலவு என்று பார்த்தால் ஒரு நோட்டுப் புத்தகம். ஒரே கண்மாயை ஐந்து ஆண்டு எண்ணினால் அது ஒரு சாட்சி. நாளைக்கு யாராவது 'அங்கே ஒன்றுமே இல்லை, வெறும் தரிசு' என்று சொல்லும்போது மேசையில் வைக்கலாம்.

மூன்று, ஏற்கெனவே இருக்கும் ஏட்டைத் திறங்கள். 2002ஆம் ஆண்டு பல்லுயிர்ப் பன்மைச் சட்டப்படி ஒவ்வொரு ஊராட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். அந்தக் குழு, ஊரில் உள்ள செடிகொடி, விலங்கு, விதை, வைத்திய அறிவு எல்லாவற்றையும் மக்களைக் கேட்டு மக்கள் பல்லுயிர் பதிவேட்டில் எழுத வேண்டும். பல ஆண்டு தூங்கிய பிறகு, 2020 ஜனவரி 31க்குள் முடிக்காவிட்டால் மாநிலத்துக்கு மாதம் 10 லட்சம் ரூபாய் அபராதம் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் சொன்னது. உடனே நாடு முழுவதும் அவசர அவசரமாகப் பதிவேடுகள் தயாராயின. இன்று இந்தியாவில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட குழுக்கள் காகிதத்தில் இருக்கின்றன. உங்கள் ஊராட்சியின் குழுவில் யார் இருக்கிறார்கள் என்று உங்கள் தெருவில் பத்துப் பேரிடம் கேட்டுப் பாருங்கள். பதில் வந்தால் ஆச்சரியம்தான்.

கல்லூரிப் பிள்ளைகளின் ஏழு நாள் முகாமுக்கு இதைவிட நல்ல வேலை உண்டா? ஊராட்சி அலுவலகத்தில் அந்தப் பதிவேட்டை வாங்கி, ஆடு மேய்ப்பவரோடும், மருந்துச் செடி தெரிந்த பாட்டியோடும், மடை திறந்து தண்ணீர் பாய்ச்சும் நீர்க்கட்டியோடும் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகச் சரிபார்க்கட்டும். இல்லாததை எழுதட்டும். இருந்தும் தவறாக இருப்பதைத் திருத்தட்டும். கடைசி நாள் அதைக் கிராம சபையில் சத்தமாக வாசிக்கட்டும், எல்லாத் தெருக்காரர்களையும் வைத்துக்கொண்டு. கற்றுக்கொள்பவர் கல்லூரிப் பிள்ளை, ஆசிரியர் ஆடு மேய்ப்பவர். இந்த ஒரு மாற்றத்தைச் செய்தால் முகாமின் மீதிக் கோணல்கள் தானாக நிமிரும்.

நான்கு, திரும்பி வாருங்கள். அடுத்த ஆண்டும், அதற்கு அடுத்த ஆண்டும், அதே ஊருக்கு. ஒவ்வொரு ஆண்டும் புதுப் புது ஊருக்குப் போய்ப் படம் எடுப்பதற்குப் பெயர் சுற்றுலா.

இதில் எதற்கும் பெரிய பணம் வேண்டாம். பேனரும் வேண்டாம், சிறப்பு விருந்தினரும் வேண்டாம். அதனால்தான் இது நடக்காது என்று சிலர் சொல்லக்கூடும். நடந்திருக்கிறது, அரிட்டாபட்டியில். அடுத்த ஏலம் எந்தக் குன்றுக்கு வரும் என்று யாருக்கும் தெரியாது. அப்போது அந்த ஊர்ப் பிள்ளைகளிடம் தங்கள் மலையைப் பற்றி எழுதிய ஒரு நோட்டுப் புத்தகம் இருக்குமா, வெளுத்துப்போன ஒரு டி-சர்ட் இருக்குமா என்பது அடுத்த ஜூன் 5 அன்று பேருந்து ஏறுபவர்கள் முடிவு செய்ய வேண்டியது.

பி.கு.: மீன்பிடித் திருவிழாவுக்குப் போக நினைப்பவர்கள் மாசியிலிருந்தே காதைத் தீட்டி வைத்துக்கொள்ளுங்கள். ஊத்தா இல்லாவிட்டால் கரையில் நின்று பார்க்கலாம். துண்டு வீசுவதற்கு முன்னால் மட்டும் தண்ணீரில் இறங்கிவிடாதீர்கள். அங்கே யாரும் விழிப்புணர்வு உரை ஆற்ற மாட்டார்கள், நேரடியாகத் திட்டுதான் விழும் :-)